தோள் தட்டிய பிறகு

மாமனாருக்கு அலுவலகத்தில் 'காற்புள்ளி' என்று பெயர். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் போதும், கோப்பு வந்த வழியே திரும்பிப் போய்விடும். எழுதியவர் மாடி ஏறி வந்து, அவர் மேசைக்கு முன்னால் நின்று, அவர் சிவப்புப் பேனாவால் தட்டிக் காட்டுகிற இடத்தைக் குனிந்து பார்த்து, தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் அது மறுபடி நகரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாலை போட்டு வழியனுப்பிய நாள்வரை எத்தனையோ பேரை அப்படி ஒப்புக்கொள்ள வைத்தவர், தான் ஒருமுறைகூட யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. தன்னிடம் தவறே இல்லை என்று நினைத்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்குக் கோப்பு இல்லை, வீடுதான் இருந்தது. பாத்திரம் அடுக்கியது சரியில்லை, செருப்பு விட்ட இடம் சரியில்லை, குழாயை மூடிய விதம் சரியில்லை. அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மருமகளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "இந்த மனுஷனை எங்கயாவது கூட்டிட்டுப் போ தாயே. எனக்குப் பைத்தியம் பிடிச்சா நீதான் பாக்கணும்" என்றாள். மாமனார் அதைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்காததுபோல் செய்தித்தாளைப் புரட்டினார்.

மருமகள் புகைப்படக்காரி. மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போனால் அவளுடைய ஸ்டூடியோ. பள்ளி ஆண்டுவிழா, கல்லூரிப் பட்டமளிப்பு, கம்பெனிக் கூட்டம் என்று ஆட்கள் கும்பலாகக் கூடுகிற இடம்தான் அவள் பிழைப்பு. உதவிக்கு ஒருவன், லைட் பிடிப்பதும் ஆட்களை வரிசையில் நிறுத்துவதும் அவன் வேலை. வாய் ஓயாது என்பதால் ரேடியோ என்று பெயர். இந்த இரண்டு பேர் நடுவில் மாமனார் போய்ச் சேர்ந்தார்.

போன அன்றே கழுத்தில் கேமராவை மாட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஒரு கட்டு ஒயரைக் கையில் கொடுத்து, முறுக்கு விழாமல் சுற்றச் சொன்னாள். ஒயர் சுற்றத் தெரிந்த பிறகு ஸ்டாண்ட் தூக்கச் சொன்னாள். ஒரு வாரம் முழுக்க, கூட்டத்தில் யார் கண்ணையும் மறைக்காமல் எப்படி நிற்பது என்பதை மட்டுமே சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் அவருக்கு முன்னால் குரல் உயர்த்தாத பெண், இங்கே, "மாமா, நகருங்க. உங்க தலை படத்துல விழுது" என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னாள். கோபம் வர வேண்டியதுதானே? வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியம். தனக்கு மேலே இருந்த எந்த அதிகாரியையும் மனதுக்குள் அவர் மதித்ததில்லை. இவளை மதித்தார். அவள் வேலை செய்யும்போது கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவசரம் இல்லாத கைகள். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறபோதும், தலைமை விருந்தினர் எரிந்து விழுகிறபோதும், கேமராவைப் பிடித்த கை மட்டும் இட்ட இடத்தில் இருக்கும். 'இப்படி ஒரு கை எனக்கு வராதா' என்று இந்த வயதில் ஏங்கினார். காலையில் எழுந்து சவரம் செய்துகொள்ள மறுபடியும் ஒரு காரணம் கிடைத்திருந்தது.

கொஞ்ச நாளில் இரண்டாவது கேமராவும் கிடைத்தது. பட்டமளிப்பு விழாக்களில் அவர்களுக்கு ஒரு வேலைமுறை உண்டு. பிள்ளைகள் வரிசை வரிசையாக மேடை ஏறுவார்கள், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு கணம். சான்றிதழ் கைமாறும், சிரிப்பார்கள், இறங்கிவிடுவார்கள். ஒரே ஆள் தொடர்ந்து எடுத்தால் கை அசந்துபோகும், பேட்டரி தீரும். அதனால் ஒரு வரிசை அவள், அடுத்த வரிசை இவர். தன் வரிசை முடிந்ததும் எடுத்தவர் மற்றவரின் தோளில் தட்ட வேண்டும். தட்டு வாங்கியவர் "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முதல் ஆள் கேமராவை இறக்கலாம். 'சரி' என்று சொல்லிவிட்டால் மேடை உன்னுடையது. இடியே விழுந்தாலும் நீதான் பொறுப்பு.

அந்த நர்சிங் கல்லூரி விழாவில் மருமகள் தன் வரிசையை முடித்துவிட்டு மாமனாரின் தோளைத் தட்டினாள். அவர் "சரி" என்றார். அவள் கேமராவை இறக்கி, பேட்டரி மாற்றக் குனிந்தாள்.

அந்த நேரத்தில்தான் அரங்கத்தின் பின்பக்கம் ஒரு கதவு திறந்தது. வெளிச்சம் கடைசி வரிசையில் போய் விழுந்தது. அங்கே ஒரு பெண் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தோளிலிருந்து பை நழுவித் தொங்குகிறது. கன்னமெல்லாம் ஈரம். ஒரு கை வாயைப் பொத்தியிருக்கிறது, இன்னொரு கை மேலே உயர்ந்திருக்கிறது. சுற்றி இருக்கிற தலைகள் எல்லாம் இருட்டில், அவள் ஒருத்திமேல் மட்டும் வெளிச்சம். மாமனார் இதுவரை எடுத்ததெல்லாம் மருமகள் நிறுத்திய இடத்தில் நின்று, அவள் சொன்னபடி எடுத்த படங்கள். இது தன் கண்ணில் பட்டது. தனக்கு மட்டும் பட்டது. திரும்பினார். எடுத்தார்.

மறுபடி மேடைப்பக்கம் திரும்பியபோது ஒரு பெண் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அடுத்தவள் மேடை ஏறியிருந்தாள். மாமனார் அவசரமாக அவளை எடுத்தார். அதற்கடுத்தவளை எடுத்தார். ஒருத்தியை விட்டுவிட்டது தெரிந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த முதுகு ஸ்டூடியோவுக்குத் தொலைபேசியில் பேசியது. எல்லாருக்கும் படம் வந்திருக்கிறது, தனக்கு மட்டும் வரவில்லை என்றது. மருமகள் படங்களை ஒவ்வொன்றாகப் பெயரோடு ஒத்துப் பார்த்தாள். தன் வரிசையின் கடைசிப் பெண் இருக்கிறாள். மாமனார் வரிசையில் இரண்டாவது பெண் இருக்கிறாள். நடுவில் ஒருத்தி இல்லை. மருமகள் நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, நான் தோளைத் தட்டினது லேட்டாயிடுச்சோ? அந்தப் பொண்ணு ஏறி இறங்கின பிறகு தட்டிட்டேனோ?"

அவர் மீது சந்தேகமே இல்லாத கேள்வி. ஒரு காற்புள்ளிக்கு ஊரைக் கூட்டுகிற மனிதர் மேடையையே கோட்டைவிடுவார் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? மாமனார் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயைத் திறந்தார். உண்மை தொண்டைவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"இருக்கலாம்மா" என்றார்.

ஒரே ஒரு சொல். கேட்டால், அதில் பொய்யே இல்லை என்று வாதாடக்கூட முடியும். அலுவலகத்தில் பழுத்தவருக்கா தெரியாது. மருமகள் தலையாட்டினாள். அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து, தவறு தன்னுடையது, கல்லூரியில் அங்கியை இரவல் கேட்டு வாங்கித் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று மன்னிப்புக் கேட்டாள். மாமனார் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே சுற்றிவைத்த ஒயரை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த நாளைக்குள் மருமகள் நாற்காலிமேல் நிற்கிற பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டாள். திரையைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டாள். அவள் வரிசை நடந்துகொண்டிருந்தபோது, சும்மா நின்ற நேரத்தில் எடுத்தேன் என்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்களே, இது இரண்டாவது. "என்ன படம் மாமா இது, என்னால இதை எடுத்திருக்க முடியாது" என்று அவள் சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வெட்கமும் பெருமையும் ஒரே இலையில் பரிமாறினதுபோல் இருந்தது. அவர் இரண்டையும் சாப்பிட்டார்.

மருமகள் அந்தப் படத்தைப் புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு அவர் பெயரில் அனுப்பினாள். முதல் பரிசு வந்தது. நடுவர் மேடையில் நின்று, உயர்ந்திருக்கிற அந்தக் கையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். நன்றி சொல்லும் கை என்றார், வானத்தைத் தொடும் தாய்மை என்றார். மாமனாரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரும் ஏறி, "எல்லாரும் பார்க்கிற இடத்தை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தேன்" என்று பேசினார். கைதட்டல் காதைப் பிளந்தது. முன்வரிசையில் மருமகளும் ரேடியோவும் எல்லாருக்கும் மேலாகத் தட்டினார்கள். பேச்சின் கடைசியில், தன் குரு தன் மருமகள்தான் என்றும் சொன்னார். அந்த ஒன்று மட்டும் உண்மை. அதைச் சொல்லும்போதுதான் நாக்கு கூசியது.

படத்தை மருமகள் சட்டம் போட்டு ஸ்டூடியோ சுவரில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினாள்.

மாமனார் மெல்ல மெல்லக் கவனித்தது வேறொன்று. அதற்கு முன்னால் ஒரு தடவை தட்டுகிறவள் இப்போது இரண்டு தடவை தட்டினாள். அவர் "சரி" என்ற பிறகும் கேமராவை இறக்காமல், அவர் வரிசையில் முதல் இரண்டு மூன்று பேரைத் தானும் எடுத்தாள். அதனால் பேட்டரி மாற்ற நேரம் இல்லாமல் தன் வரிசையில் தடுமாறினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து, எடுத்த படங்களை எண்ணினாள். ஒரு கம்பெனி விழாவில் அவள் கை நடுங்கியதை அவரே பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காததுபோல் ஸ்டாண்டைச் சரிசெய்தார். ரேடியோகூட ஒரு நாள் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று அவரிடம் விசாரித்தான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள். "இனிமே பெரிய விழாவுக்கெல்லாம் மாமா முதல் கேமரா. நான் பின்னாடி நிக்கிறேன். எனக்குக் கவனம் சிதறுது." மகன் சிரித்து, குருவை மிஞ்சிய சிஷ்யன் என்று அப்பாவின் முதுகில் தட்டினான். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னும் ஒரு கரண்டி போட்டாள். மருமகளிடமிருந்து தான் எதை எடுத்துவிட்டோம் என்று அப்போது மாமனாருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், கை கழுவ எழுந்தார். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியுமா என்று கேட்டால், முடியாது. அவரும் கழுவுதொட்டி முன் நின்று அதையேதான் நினைத்தார்.

விடுபட்ட பெண்ணுக்குத் திரும்பப் படம் எடுக்கிற நாள் வந்தது. கல்லூரியிலிருந்து அங்கி கிடைக்க இத்தனை நாளாகிவிட்டது. பெண் தன் அம்மாவோடு வந்தாள். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கசங்கிக் கிடந்த இரவல் அங்கியைத் தானே தேய்த்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படிக்கட்டு ஏறி வந்திருந்தாள். மருமகள் பெண்ணையும் அங்கியையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ரேடியோ, சான்றிதழ் கொடுக்கிற கல்லூரி முதல்வர் வேடம் போடக் கோட்டு வாங்கி வருகிறேன் என்று கீழே ஓடினான்.

மாமனாரும் அந்த அம்மாவும் மட்டும் முன்னறையில் இருந்தார்கள். மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். இரண்டும் ஒரே முகம்.

அவளும் சுவரைப் பார்த்துவிட்டாள். கிட்டே போனாள். "அட, நான்தானே இது" என்று சிரித்தாள். "நாற்காலியில வேற ஏறி நிக்கிறேன். பாத்தவங்க என்ன நெனச்சிருப்பாங்க." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடையாளம் கண்டுபிடித்தாள். "நீங்கதான் எடுத்தீங்க. ஞாபகம் இருக்கு. என் பொண்ணு மேடையில ஏறிட்டா, நீங்க என்னடான்னா மேடையை விட்டுட்டு என் பக்கம் பாத்துட்டு நிக்கிறீங்க. எனக்குப் பதறிப்போச்சு. கத்தினா கேக்காது, அவ்வளவு சத்தம். அதான் கையைத் தூக்கி, அங்க பாருங்க, அவளை எடுங்கன்னு காமிச்சேன். நீங்க பாக்கவே இல்ல."

மாமனார் அந்தக் கையைப் பார்த்தார். நடுவர் அரை மணி பேசிய கை. விரல் நீண்டிருந்தது, வானத்தை நோக்கி அல்ல. மேடையை நோக்கி. இத்தனை நாளாக அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ரசித்த ஒருவருக்கும் அது தெரியவில்லை, எடுத்தவருக்கும் தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தவராம்! ஒரு தாய் நாற்காலிமேல் ஏறி நின்று அவர் வேலையை அவருக்கே கைகாட்டிச் சொல்லியிருக்கிறாள். அதைப் படம் பிடித்துப் பரிசு வாங்கியிருக்கிறார். மாமனாருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"போகட்டும் விடுங்க. அதான் இப்ப எடுக்கிறீங்களே" என்றாள் அந்த அம்மா. அவளுக்குக் கோபமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. பெண் அங்கியோடு வெளியே வந்தாள், பின்னாலேயே மருமகள். வந்தவள் நேராக அந்த அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேம்மா. அன்னைக்கு என் தப்புதான். நான்தான் விட்டுட்டேன்" என்றாள்.

அந்த அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமனாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, வாயை மூடிக்கொண்டாள். பார்வையைத் தாழ்த்தி, மகளின் அங்கியில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட ஆரம்பித்தாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தி, அவர் மானத்தைக் காப்பாற்ற, தெரிந்ததைத் தெரியாததுபோல் மறைக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாமனாரால் முடியவில்லை.

"தப்பு உன்னுது இல்லம்மா" என்றார். குரல் யாருடையதோ போலிருந்தது. "நீ சரியாத்தான் தட்டினே. நான் சரின்னு சொன்னேன். சொல்லிட்டு, இவங்களைப் படம் எடுக்கத் திரும்பிட்டேன். அந்த நேரத்துலதான் இந்தப் பொண்ணு மேடையில இருந்தா. அன்னைக்கே தெரியும் எனக்கு."

மருமகள் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். கேமராவை எடுத்தாள். ரேடியோ எவனுடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, கை முழங்கால்வரை தொங்க, முதல்வராக வந்து நின்றான். அந்தப் பெண் அவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். மருமகள் ஒரு காலை முன்னால் வைத்து நின்று, ஒரே ஒரு படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். போதும் என்றாள். கை நடுங்கவில்லை.

பெண் கிளம்பும்போது, சுவரில் இருக்கிற அம்மா படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். "என் மூஞ்சியை வச்சு நீ என்ன பண்ணப் போறே, வா" என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். ரேடியோ நிலைமையைப் புரிந்துகொண்டு, கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் வரவே இல்லை.

மாமனார் மருமகள் எதிரில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை. மன்னித்துவிடு என்றார். பரிசை நாளைக்கே சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், மேடையிலேயே ஏறி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

மருமகள் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "பரிசைத் திருப்பிக் குடுக்கிறது சுலபம் மாமா. அதுக்கும் கைதட்டுவாங்க. எவ்வளவு நேர்மையான மனுஷன்னு சொல்லுவாங்க." நிறுத்தினாள். துடைப்பதையும் நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு படம் விட்டுப்போனதுகூட எனக்குப் பெருசில்ல. யாருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கு. ஆனா நீங்க 'இருக்கலாம்'னு சொன்னீங்க. அன்னையிலேருந்து நான் என் கையையே நம்பல. இந்த வேலையே எனக்கு வேணாம்னு உங்க பையன்கிட்ட அழுதிருக்கேன். நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க."

மாமனார் இருந்தார். அழுகைச் சத்தம் கேட்டது. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அதையும் இப்போது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் தன் பாரம் குறையும், அவளுக்கு ஏறும். சொல்லவில்லை.

அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். கதவருகே போய், திரும்பாமலே சொன்னாள்.

"நாளைக்குக் காலைல ஸ்கூல் வேலை இருக்கு. சீக்கிரம் கிளம்பணும். உங்க கேமரா வேணாம் மாமா. ஸ்டாண்ட் தூக்க வாங்க."

"வரேம்மா" என்றார்.

இனிமேல் வராதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தால் மாமனாருக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது.